ரோமில் மதியச் சாப்பாடு: ருசியில் குறையில்லை, பில்லை மட்டும் ஒரு தடவை கூட்டிப் பாருங்கள்

போன மார்ச்சில் ஒரு சனிக்கிழமை, ரோமில் நாங்கள் மூன்று பேர் மதியம் சாப்பிட்டதற்கு 148 யூரோ 85 சென்ட் கேட்டார்கள். பேசி, கணக்குப் பார்த்து, சங்கடப்பட்டு, கடைசியில் 119 யூரோ கொடுத்துவிட்டு வந்தோம். எழுதிப் போட்டிருந்த விலைப்படி நாங்கள் கேட்டு வாங்கியதற்கு வந்திருக்க வேண்டியது 74. ரோமுக்கு டிக்கெட் போட்டு வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள்.

கடையின் பெயரைப் போடவில்லை. நான் பார்த்தது ஒரே ஒரு நாள், ஒரே ஒரு மேசை. பெயரைச் சொன்னால் அந்தக் கடையை மட்டும் தவிர்த்துவிட்டு அடுத்த கடையில் போய் இதே மாதிரி தலையை ஆட்டுவீர்கள். தலையாட்டல் விஷயத்துக்குப் பிறகு வருகிறேன்.

கூட வந்தது என் வீட்டுக்காரரும் மாமியாரும். அத்தைக்கு 67 வயது. கோபி பக்கம் ஒரு பால் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். சனிக்கிழமை பெருமாளுக்காகக் கவுச்சி தொடமாட்டார். இந்த இரண்டு விவரமும் கதைக்குத் தேவை.

நாங்கள் ஒன்றும் தெரியாமல் போய் மாட்டவில்லை. ஊரிலிருந்தே வீடியோ வீடியோவாகப் பார்த்து ஒரு பட்டியல் வைத்திருந்தேன். வாசலில் நின்று கூப்பிடுகிற கடைக்குப் போகாதே. போட்டோ போட்ட மெனு என்றால் நகர்ந்துவிடு. ஆறு மொழியில் பலகை வைத்திருந்தால் ஓடிவிடு. பாந்தியன், நவோனா சதுக்கம் இவற்றைப் பார்த்தபடி உட்கார்ந்து சாப்பிடாதே. எல்லாவற்றையும் மதித்தோம். 8-ஆம் நம்பர் டிராம் பிடித்து ஆற்றைத் தாண்டி த்ராஸ்தேவெரேயில் இறங்கி, கூட்டமான தெருவை விட்டு இரண்டு சந்து உள்ளே போனோம். பன்னிரண்டு மேசை இருந்தால் அதிகம். மேசைமேல் துணிக்குப் பதில் பழுப்புக் காகிதம். மெனு ஒரே ஒரு தாள், இத்தாலிய மொழியில் மட்டும், கையெழுத்தில். பக்கத்து மேசையில் நான்கு கிழவர்கள் சத்தமாகச் சண்டை போட்டபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். டிராட்டோரியா என்று சொல்கிற பழைய பாணிச் சாப்பாட்டுக் கடை என்றால் இதுதான் என்று மனசு குளிர்ந்துபோனது. என் தப்பு அங்கே ஆரம்பித்தது. பொறி மாதிரி இருக்கிற கடையைக் கண்டுபிடிக்கத்தான் பட்டியல் வைத்திருந்தேன். அசல் கடையாகவும் இருந்து, ஆளைப் பார்த்துக் கணக்குப் போடுகிற கடையாகவும் இருக்கலாம் என்று எந்த வீடியோவும் சொல்லவில்லை.

மெனுவைக் கையில் கொடுத்தார்கள். என் வீட்டுக்காரர் போனைக் காட்டி மொழிபெயர்த்துப் படித்தார். ஆளுக்கு ஒன்று தேர்ந்தெடுத்தோம். அதற்குள் பரிமாறுகிறவர் வந்து, காலி நாற்காலியை இழுத்துப் போட்டு எங்களோடேயே உட்கார்ந்துகொண்டார். ஐம்பது வயதிருக்கும், நல்ல சிரிப்பு. நாங்கள் கேட்டதைக் குறித்துக்கொண்டு மெனுவை மடித்துத் தன் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "பேப்பரை விடுங்கள், இன்றைக்கு என்ன நன்றாக இருக்கிறது என்று நான் சொல்கிறேன்" என்றார், உடைந்த ஆங்கிலத்தில். மேசைக்கு ஒரு அந்திபாஸ்தோ, அதாவது முதலில் கொறிக்க ஏதாவது? பிறகு கார்ச்சோஃபி, இது சீசன், இன்று காலைதான் வந்தது?

அத்தை அவர் பேசப் பேச மரியாதைக்குத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். நம் ஊர் தலையாட்டலுக்கு "சரி", "அப்படியா", "நீ சொல்லு, கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்" என்று பத்து அர்த்தம் உண்டு. ரோமில் அதற்கு ஒரே அர்த்தம்தான். ஆர்டர்.

நான் ஒன்று மட்டும் கேட்டேன். அத்தையைக் காட்டி, "இவர் இன்று இறைச்சி சாப்பிடமாட்டார். நோ மீட்." அவர் நெஞ்சில் கை வைத்து, "நோ மீட், சிஞ்ஞோரா, நோ மீட்" என்றார்.

அந்திபாஸ்தோ வந்தது. மரப்பலகையில் மூன்று ரொட்டித் துண்டு, மேலே தக்காளி. ஒரு கிண்ணம் ரிக்கோட்டா பாலாடைக்கட்டி. கொஞ்சம் ஆலிவ். நடுவில் நீள உருண்டையாக மூன்று சுப்ளி. சுப்ளி ரோமின் தெருத் தீனி. தக்காளிச் சாற்றில் வெந்த சோற்றை உருட்டி, உள்ளே மொத்ஸரெல்லா வைத்து, ரொட்டித்தூளில் புரட்டிப் பொரிப்பது. பிய்த்தால் பாலாடைக்கட்டி நூல் நூலாக இழுபடும். அத்தை ஒன்றை எடுத்துப் பாதி கடித்தார். மென்றுகொண்டே நிறுத்தினார்.

"ஏங்கண்ணு, இதுல என்னமோ சவக்குன்னு தட்டுதே."

வாங்கிப் பார்த்தேன். சோற்றோடு சோறாக, சிவப்புச் சாற்றில் ஊறிய கொத்துக்கறி. பழைய முறைச் சுப்ளியில் கறிச் சாறு சேர்ப்பது வழக்கம் என்று அப்புறம் தெரிந்துகொண்டேன். அத்தை சத்தம் போடவில்லை. காகிதக் கைத்துண்டில் துப்பினார், தண்ணீர் குடித்தார், இரண்டு நிமிஷம் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். அந்த இரண்டு நிமிஷத்துக்கு எந்த பில்லிலும் கழிவு கிடையாது. பரிமாறுகிறவரைக் கூப்பிட்டுச் சொன்னால், "கொஞ்சம்தான், வாசனைக்கு" என்று விரல் நுனியைக் காட்டுகிறார்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் இதைக் கவனியுங்கள். பால், முட்டை, கோதுமை, மீன் என்று 14 ஒவ்வாமைப் பொருள்களை உணவகங்கள் தெரிவித்தாக வேண்டும் என்று ஐரோப்பியச் சட்டம் இருக்கிறது. இறைச்சி அந்தப் பதினான்கில் இல்லை. "கார்னே", அதாவது இறைச்சி, இல்லை என்று அவர்கள் சொன்னால் பெரிய துண்டுக் கறி இல்லை என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பன்றித் தொடைக்கறிச் சீவல், நெத்திலி, எலும்புச் சாறு எல்லாம் அந்தச் சொல்லுக்கு வெளியே நிற்கலாம். ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும்: சென்சா கார்னே, சென்சா ப்ரொஷூட்டோ, சென்சா அச்சூகே, சென்சா ப்ரோதோ. "சென்சா" என்றால் "இல்லாமல்". போனில் இத்தாலியத்தில் எழுதி வைத்து நீட்டுவது இன்னும் நல்லது. பூசணிப் பூப் பஜ்ஜி என்று ஆசையாக வாங்குவீர்கள், அதற்குள்ளும் நெத்திலி இருக்கும்.

இவ்வளவுக்கும் பிறகு சாப்பாட்டைப் புகழ வேண்டியிருக்கிறது. அதுதான் எரிச்சல்.

அத்தைக்கு காச்சோ எ பேப்பே. பாலாடைக்கட்டியும் மிளகும் என்றுதான் பெயரே. தொன்னரெல்லி என்கிற, சதுர விளிம்பு வைத்த தடித்த இழை. எண்ணெய் இல்லை, வெண்ணெய் இல்லை, க்ரீம் இல்லை. பாஸ்தா வெந்த கஞ்சித் தண்ணீரில் பெக்கொரீனோ என்கிற செம்மறிப்பால் பாலாடைக்கட்டியைத் துருவிக் குழைத்தே அந்தச் சாற்றைக் கொண்டுவருகிறார்கள். சூடு ஒரு சிட்டிகை கூடினால் திரிந்து கட்டி கட்டியாகிவிடும். எங்களுக்கு வந்தது பாலேடு மாதிரி ஒவ்வொரு இழையிலும் ஒட்டியிருந்தது. மிளகை வறுத்து ஒன்றிரண்டாகத் தட்டியிருந்தார்கள், தட்டு வைக்கும்போதே மூக்கில் ஏறியது. பாதிச் சுப்ளிக்கு முகம் வாடியிருந்த அத்தை இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, "மொளகு நல்ல மொளகு" என்றார். அவர் அகராதியில் அதற்கு மேல் பாராட்டு இல்லை. (பெக்கொரீனோ ரொமானோவை உறைய வைப்பது ஆட்டுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் உறை. ஊருக்குத் திரும்பிய பிறகுதான் படித்தேன். அத்தையிடம் சொல்லவில்லை. அவர் இதைப் படிக்கமாட்டார் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.)

எனக்கு க்ரீச்சா. அதே பாலாடைக்கட்டி, அதே மிளகு, கூடவே குவாஞ்சாலே என்கிற பன்றித் தாடைக் கொழுப்பைச் சின்னச் சின்னதாக நறுக்கி முறுக வறுத்துச் சேர்ப்பது. இதோடு தக்காளி சேர்ந்தால் அமாத்ரிச்சானா, முட்டை சேர்ந்தால் கார்பொனாரா. குவாஞ்சாலே ஓரத்தில் மொறுமொறுவென்றும் நடுவில் கரைந்தும் இருந்தது. குறை சொல்ல ஒன்றும் இல்லை.

என் வீட்டுக்காரர் திரிப்பா. ரோமில் வியாழன் ஞோக்கி, வெள்ளி மீன், சனி திரிப்பா என்று பழைய கணக்கு ஒன்று உண்டு. திரிப்பா என்றால் மாட்டு இரைப்பை. தக்காளியில் மணிக்கணக்காக வேகவைத்து, மெந்தூச்சா என்கிற காட்டுப் புதினாவும் பெக்கொரீனோவும் தூவித் தருவார்கள். தெஸ்தாச்சோ பகுதியில் 1975 வரை நடந்த பெரிய இறைச்சிக்கூடத்தைச் சுற்றி வளர்ந்த சமையல் இது. நல்ல கறி பணக்காரர் வீட்டுக்குப் போக, குடல், வால், நாக்கு எல்லாம் தொழிலாளி தட்டுக்கு வந்தது. "ஐந்தாவது கால்பங்கு" என்று அதற்கு ஒரு பெயரே இருக்கிறது. இவர் மாடா ஆடா என்று பார்க்கிற ஆள் இல்லை. "நம்ம குடல் குழம்புல மிளகாயப் புடுங்கிட்ட மாதிரி இருக்கு" என்று சொல்லிக்கொண்டே தட்டை ரொட்டியால் வழித்தார். கூட அரை லிட்டர் வீட்டு ஒயின். அத்தையிடம் அது திராட்சை ரசம் என்று சொல்லியிருக்கிறோம். அவரும் நம்புகிற மாதிரி இருக்கிறார்.

கார்ச்சோஃபி அன்றைய உச்சம். தமிழில் கூனைப்பூ என்கிறார்கள். பார்க்கத் தாமரை மொட்டு போல இருக்கும். வெளி இதழ்களைச் சீவியெறிந்து, உள்ளே பூண்டும் புதினாவும் திணித்து, காம்பு மேலே இருக்கும்படி தலைகீழாக நிறுத்தி ஆலிவ் எண்ணெயில் வேக வைக்கிறார்கள். வாழைப்பூவை உரித்து உரித்துக் கடைசியில் வருமே ஒரு வெள்ளைக் குருத்து, அது வெண்ணெயானால் எப்படி இருக்கும், அப்படி. குளிர் முடிந்து கோடை வரும் முன்னான மாதங்களில்தான் ரோமில் இது நன்றாகக் கிடைக்கும். மூன்று பேரும் பேசாமல் சாப்பிட்டோம்.

பில் கேட்டோம். ஒரு துண்டுக் காகிதம் வந்தது. அதில் ஒரே ஒரு எண், வட்டம் போட்டு: 148.85. விவரம் வேண்டும் என்றோம். முகத்தில் சிரிப்பு கொஞ்சம் தேய்ந்தது. உள்ளே போய் இன்னொரு தாளில் வரிவரியாக எழுதிக்கொண்டு வந்தார். அத்தை மூக்குக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு தாளைத் தன் பக்கம் இழுத்தார். இத்தாலிய மொழி அவருக்கு ஒரு எழுத்தும் தெரியாது. எண்ணுக்கு மொழி எதற்கு?

"பதிமூணும் பதிமூணும் இருபத்தாறு. பதினாலு, நாப்பது. தண்ணி மூணு, உன்ற புருசன் குடிச்ச ரசம் ஏழு. அம்பது. அப்பறம் இது முப்பத்தாறு, எம்பத்தாறு. இருபத்தேழு, நூத்திப் பதிமூணு. ஆறு, நூத்திப் பத்தொம்பது. இதென்ன கண்ணு, பதினேழு எம்பத்தஞ்சு?"

அது செர்வீட்சியோ, சேவைக் கட்டணம், 15 சதவீதம்.

"சரி, அதையும் சேத்தா நூத்தி முப்பத்தாறு எம்பத்தஞ்சு. இவன் நூத்தி நாப்பத்தெட்டு போட்டிருக்கான். பன்னண்டு கூட இருக்குது பாரு."

பேனாவை வாங்கி, தன் தொகையை அவன் தொகைக்குக் கீழே அழகாக எழுதி, இரண்டு கோடு போட்டார். முப்பத்து நான்கு வருஷம் பால் கணக்கு எழுதிய கை. பரிமாறுகிறவர் குனிந்து பார்த்தார், "ஓ, சாரி, சாரி" என்று சிரித்தார். பன்னிரண்டு யூரோ கழிந்தது. கூட்டல் தப்பு எல்லாருக்கும் வரும்தான். துண்டுக் காகிதத்தில் வெறும் தொகை மட்டும் எழுதிக்கொண்டு வருகிற கடையில் வரும் கூட்டல் தப்பு கடைக்காரர் பக்கம்தான் சாயும்.

அடுத்து அந்த 15 சதவீதம். "டாக்ஸ்" என்றார். அது பொய். இத்தாலியில் உணவகத்துக்கான 10 சதவீத வரி மெனு விலையிலேயே அடக்கம். நம் ஊர் மாதிரி கடைசியில் ஜிஎஸ்டி சேராது. சேவைக் கட்டணம் வாங்கலாம், ஆனால் மெனுவில் முன்கூட்டியே எழுதியிருக்க வேண்டும். "மெனுவைக் கொண்டுவாருங்கள், எங்கே எழுதியிருக்கிறது என்று பார்க்கிறோம்" என்றேன். கல்லாவுக்குப் போனவர் மெனு இல்லாமல் திரும்பி வந்து அந்த வரியை அடித்தார். கொபேர்த்தோ என்று மேசைக்கு ஆள் கணக்கில் வாங்கும் கட்டணமும் உண்டு. ரோம் இருக்கிற லாட்சியோ மாநிலத்தில் அதை 2006-லேயே சட்டம் போட்டுத் தடுத்துவிட்டார்கள். அதனால் இங்கே அது "பானே", அதாவது ரொட்டி, என்ற பெயரில் வரும். எங்களுக்கு ஆளுக்கு 2 யூரோ, மெனுவின் அடியில் எழுதியும் இருந்தது. ரொட்டியைத் தின்றோம், கொடுத்தோம். வேண்டாம் என்றால் கூடை வந்ததுமே திருப்பி அனுப்பிவிட வேண்டும்.

மிச்சம் இரண்டு வரியில் நாங்கள் தோற்றோம். மேசைக்கு ஒன்று என்று சொன்ன அந்திபாஸ்தோ பில்லில் ஆளுக்கு 12 வீதம் 36 ஆகியிருந்தது. கார்ச்சோஃபி ஒன்று 9, மூன்றுக்கு 27. "சாப்பிட்டீர்களே" என்றார். சாப்பிட்டோமே, என்ன சொல்வது? ஃபுவோரி மெனு, மெனுவுக்கு வெளியே. அன்று அந்தத் தாளில் எழுதியிருந்த எல்லாம் எழுதியபடியே வந்தன, எழுதியிருந்த விலைக்கே வந்தன. அவர் வாயால் சொன்னவை மட்டும், கறி இல்லை என்பது உட்பட, ஒன்றுகூட அப்படி வரவில்லை. மெனுவை மடித்துக் கக்கத்தில் வைத்தாரே, அந்த நிமிஷம் கையை நீட்டி வாங்கிக்கொண்டிருக்க வேண்டும். வாயால் சொல்லும் ஒவ்வொன்றுக்கும் "குவாந்தோ கோஸ்தா?", என்ன விலை, என்று கேட்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. பக்கத்து மேசைக் கிழவர்கள் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள், நான்தான் அதைச் சண்டை என்று நினைத்துக்கொண்டேன்.

மீன் சாப்பிடுகிறவர்கள் இன்னும் உஷாராக இருங்கள். மீன் விலைக்குப் பக்கத்தில் "எத்தோ" என்று இருந்தால் அது நூறு கிராம் விலை. முழு மீனுக்கு என்று நினைத்து முக்கால் கிலோ மீனை வெட்டச் சொல்லிவிடுவோம். எங்கள் கதை சின்னது. 2009-ல் நவோனா சதுக்கத்தின் பக்கம் ஒரு ஜப்பானிய ஜோடியிடம் ஒரு மதியச் சாப்பாட்டுக்கு 695 யூரோ வாங்கினார்கள், டிப்ஸ் உட்பட. விவகாரம் பெரிதாகி அதிகாரிகள் கடையை மூடினார்கள். 2019-ல் இரண்டு ஜப்பானியப் பெண்களுக்கு மீன் போட்ட ஸ்பகெட்டிக்கு வந்த பில் 429 யூரோ 80 சென்ட், அதில் 80 யூரோ டிப்ஸ்.

பணம் கட்டும்போது இன்னொரு சுற்று. கார்டு மெஷின் வேலை செய்யவில்லை, ரொக்கம் கொடுங்கள் என்றார். 2022 ஜூன் 30 முதல் கார்டு வாங்க மறுக்கும் கடைக்கு 30 யூரோவும் தொகையில் 4 சதவீதமும் அபராதம். அதெல்லாம் பேசவில்லை. "ரொக்கம் இல்லை" என்று கையை விரித்தோம். மெஷின் உயிர் பெற்றுவிட்டது. ஆனால் திரையில் "ரூபாயா யூரோவா" என்று கேட்டபோது எங்கள் பக்கம் திருப்பாமல் அவரே ரூபாயை அமுக்கிவிட்டார். அதில் சுமார் 600 ரூபாய் கூடப் போனது. எப்போதும் யூரோதான் அமுக்க வேண்டும். மெஷினைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். கையெழுத்துத் தாள் ரசீது ஆகாது. "ஸ்கொந்திரீனோ" என்று கேட்டால் அச்சடித்த ரசீது தந்தாக வேண்டும், தராத கடையை 117-ஐ அழைத்து நிதிக் காவல் துறையிடம் சொல்லலாம். கேட்டோம், தந்தார். வாசல்வரை வந்து அத்தைக்குக் கை கொடுத்து, "பிராவா, சிஞ்ஞோரா" என்றும் சொன்னார். அத்தை தலையை ஆட்டினார்.

"அந்தக் காலத்துல முசிறிக்குக் கப்பல் கட்டி வந்து தங்கத்தைக் குடுத்து மொளகு வாங்கிட்டுப் போனாங்க. இன்னைக்கு ஒரு தட்டு மொளகுல எல்லாத்தையும் திருப்பி எடுத்துட்டான்" என்றார் என் வீட்டுக்காரர். அந்தச் சந்து முடிந்ததும் ஒரு நசோனே. வளைந்த மூக்கு வைத்த இரும்புக் குழாய், ஊர் முழுக்க இப்படி ஆயிரக்கணக்கில், 1870-களிலிருந்து குடிதண்ணீர் கொட்டிக்கொண்டிருக்கிறது. அத்தை இரண்டு கையாலும் ஏந்திக் குடித்துவிட்டு நிமிர்ந்து எங்களைப் பார்த்தார். மூன்று யூரோ பாட்டில் தண்ணீரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

இரவு ஓட்டலில் அன்றைய போட்டோக்களைத் தள்ளிக்கொண்டிருந்தோம். கடை வாசலில் அத்தை நிற்கிற படம் ஒன்று வந்தது. உள்ளே போகும் முன் எடுத்தது. அவர் தோளுக்குப் பின்னால் சாக்பீஸில் எழுதிய சின்னக் கரும்பலகை. அத்தை போனை வாங்கி விரலால் பெரிதாக்கினார். கார்ச்சோஃபி, ஒன்று 6.

"மூணுக்கு ஒம்பது யூரோ கண்ணு" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "நாளைக்குக் காலையில கடை எத்தன மணிக்குத் தொறப்பான்?"

மறுநாள் காலை ஏழரைக்கு எங்களுக்கு ஃப்ளோரன்ஸ் ரயில்.